கோவாவில் போர்ச்சுகீசியர் விட்டுப் போனவை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவாவில் உள்ள மட்காவ் ஊருக்கு வேலைக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. திருநெல்வேலியிலிருந்து சொந்தக்காரர்கள் வருவார்கள், அலுவலக நண்பர்கள் குடும்பத்தோடு வருவார்கள். பழைய கோவா தேவாலயங்களைப் பார்த்துவிட்டு வண்டியில் ஏறியதும் கேள்விகள் ஆரம்பித்துவிடும். பெரும்பாலும் அதே கேள்விகள்தான். பலவற்றுக்கு எனக்கே ஆரம்பத்தில் பதில் தெரியாது. தெருவில் உள்ள பெரியவர்களிடமும், பத்திரப்பதிவுக்காக அலைந்த நாட்களிலும், படித்தும் தெரிந்துகொண்டேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்திருக்கிறேன்.

நமக்கு 1947-லயே சுதந்திரம் வந்துடுச்சே, கோவாவுக்கு மட்டும் ஏன் லேட்?

1947-ல் கிளம்பியவர்கள் பிரிட்டிஷ்காரர்கள். கோவா, டாமன், டையூ மூன்றும் போர்ச்சுகல் கையில் இருந்தவை. அப்போது லிஸ்பனில் சலாசரின் சர்வாதிகார ஆட்சி. இவை காலனிகளே அல்ல, போர்ச்சுகல் நாட்டின் மாகாணங்கள், இதில் பேச ஒன்றுமில்லை என்று அவர் ஒரே பிடியாக நின்றார். புதுச்சேரியை பிரெஞ்சுக்காரர்கள் 1954-ல் பேசி முடித்து ஒப்படைத்தார்கள். சலாசர் பேச்சுக்கே இடம் தரவில்லை.

கடைசியில் 1961 டிசம்பர் 18-ஆம் தேதி இந்தியப் படைகள் உள்ளே நுழைந்தன. மறுநாளே கவர்னர் ஜெனரல் வசாலோ இ சில்வா சரணடைந்தார். 1510 நவம்பர் 25-ல் அபோன்சோ டி அல்புகெர்க் என்ற தளபதி பீஜப்பூர் அடில்ஷாஹிகளிடமிருந்து கோவாவைப் பிடித்ததிலிருந்து கணக்குப் பார்த்தால் 451 வருடம். 1961-ல் மர்மகோவா துறைமுகத்தில் எதிர்த்துச் சண்டை போட்டுத் தரைதட்டி நின்ற போர்ச்சுகீசியப் போர்க்கப்பலின் பெயரும் அபோன்சோ டி அல்புகெர்க்தான். இதை முதலில் கேட்டபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

அப்போ கோவா முழுக்க 451 வருஷம் அவங்க கிட்டயா இருந்துச்சு?

இல்லை. இந்த ஒரு விஷயம் புரிந்தால் கோவாவில் பாதி விஷயம் புரிந்துவிடும். 16-ஆம் நூற்றாண்டில் அவர்கள் பிடித்தது திஸ்வாடி, பார்தேஸ், சால்செட் ஆகிய கடலோரப் பகுதிகள் மட்டும். இவற்றைப் 'பழைய வெற்றிகள்' என்பார்கள். போண்டா, பிச்சோலி, சத்தரி, பேட்ணே, காணகோண் போன்ற உள்பகுதிகள் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் சேர்ந்தன. அவை 'புதிய வெற்றிகள்'.

பழைய பகுதியில் ஊருக்கு ஊர் வெள்ளைத் தேவாலயம், வயலோரம் சிலுவை. புதிய பகுதிக்குள் போனால் துளசி மாடமும் கோயில் குளமும். இரண்டுக்கும் நடுவே இரண்டரை நூற்றாண்டு இடைவெளி இருக்கிறது. புதிய பகுதி அவர்கள் கைக்கு வந்த காலத்தில் மதமாற்ற வேகமெல்லாம் அடங்கிவிட்டது. அங்குள்ளவர்களின் வழிபாட்டில் தலையிடுவதில்லை என்ற உறுதியும் தர வேண்டியிருந்தது.

பெரிய பெரிய கோயில் எல்லாம் ஏன் போண்டா பக்கமே இருக்கு?

முந்தைய பதிலின் தொடர்ச்சிதான் இது. 1540 முதல் திஸ்வாடியிலும், 1560-களில் சால்செட்டிலும் கோயில்களை இடித்தார்கள். மக்கள் இரவோடு இரவாகத் தெய்வங்களைத் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்தார்கள். ஜுவாரி ஆற்றுக்கு அந்தப் பக்கம் போண்டா. அன்று அது போர்ச்சுகீசியர் எல்லைக்கு வெளியே. குட்டாளி என்கிற கோர்தாலிமில் இருந்த மங்கேஷ் பிரியோலுக்குப் போனார். கேளோஷியில் இருந்த சாந்தாதுர்கை கவளேவுக்குப் போனாள். வெர்ணாவில் இருந்த மஹாலசை மார்தோளுக்குப் போனாள். இன்று சுற்றுலாப் பேருந்து நிற்கிற கோயில்களில் பெரும்பாலானவை இப்படி அகதியாக வந்த தெய்வங்களின் வீடுகள்தான்.

குங்கோளி என்ற ஊரின் கதையை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கோயில் இடிப்பை எதிர்த்து அந்த ஊரார் 1583-ல் ஐந்து ஏசு சபைத் துறவிகளைக் கொன்றார்கள். பின்பு போர்ச்சுகீசியர் ஊர்த் தலைவர்களைப் பேச்சுவார்த்தைக்கு என்று அசோல்னா கோட்டைக்கு வரவழைத்துக் கொன்றுவிட்டார்கள். அம்மன் பாத்தர்பா என்ற ஊருக்குப் போய்விட்டாள். இன்றும் வருடத்துக்கு ஒருமுறை, ஹோலியை ஒட்டி, பாத்தர்பாவிலிருந்து குங்கோளிக்கு அம்மன் பழைய இடத்தைப் பார்க்க வருகிறாள். ஊரின் பன்னிரண்டு குலங்களுக்குப் பன்னிரண்டு வண்ணக் குடைகள் ஊர்வலத்தில் வரும், குலால் பொடி தெருவெல்லாம் பறக்கும். அந்தப் பன்னிரண்டு குலங்களின் வழிவந்த கத்தோலிக்கர்களும் அதில் நிற்பார்கள். நான் இரண்டு முறை போயிருக்கிறேன். இரண்டு முறையும் கண் கலங்கியது.

விசாரணை மன்றம்னு ஒண்ணு இருந்ததாமே, அது இந்துக்களுக்கு எதிராவா?

'இன்க்விசிஷன்' கோவாவில் 1560 முதல் 1812 வரை இருந்தது. நடுவில் 1774 முதல் நான்கு வருடம் மட்டும் நிறுத்தி வைத்தார்கள். அடிப்படையில் அது ஞானஸ்நானம் பெற்றவர்களைக் கண்காணிக்கிற மன்றம். மாறிய பிறகும் பழைய வழக்கத்தை விடவில்லை என்று சந்தேகிக்கப்பட்டவர்களும், யூத மரபிலிருந்து மாறியவர்களும்தான் அதிகம் சிக்கினார்கள். வெளிப்படையாகச் சடங்கு செய்த இந்துக்கள் மீதும் கை நீண்டது. அதனால் அந்தக் கொடுமையை அனுபவித்தவர்களில் இன்றைய கோவா கத்தோலிக்கர்களின் முன்னோர்களும் நிறைய உண்டு. அவர்களை ஆட்சியாளர்களின் வாரிசுகள் போலப் பேசுவது எனக்குச் சகிக்காது.

டிசோசா, பெர்னாண்டஸ்னு பேர் வச்சிருக்கறவங்க எல்லாம் போர்ச்சுகீசிய ரத்தமா?

பெரும்பாலும் இல்லை. மதம் மாறியபோது ஞானத்தந்தையாக நின்றவரின் பெயரையோ, ஞானஸ்நானம் கொடுத்த பாதிரியாரின் பெயரையோ குடும்பப் பெயராக வைத்தார்கள். ஒரே வம்சத்தில் அண்ணன் ஒரு பெயரும் தம்பி வேறு பெயருமாகப் பிரிந்ததும் உண்டு. கலப்பு வம்சத்தவர் என்று ஒரு சின்ன சமூகம் இருந்தது, அவர்களில் பலர் 1961-ஐ ஒட்டிக் கிளம்பிவிட்டார்கள்.

ரத்தம் உள்ளூர் ரத்தம் என்பதற்குச் சாதியே சாட்சி. கோவா கத்தோலிக்கர்களிடம் பாமொண் (பிராமணர்), சார்டோ (சத்திரியர்), சுதிர் (சூத்திரர்) என்று சாதி அடுக்கு இன்றும் கல்யாணப் பேச்சில் எட்டிப் பார்க்கிறது. மதம் மாறியும் சாதி போகவில்லை. இதில் நாம் அவர்களைக் குறை சொல்ல எந்த யோக்கியதையும் இல்லை, நம் ஊர்க் கதையும் அதேதான். அப்புறம், கோவாவில் கிறிஸ்தவர்கள்தான் பெரும்பான்மை என்று நினைக்கிறவர்களுக்கு: 2011 கணக்கெடுப்பின்படி இந்துக்கள் சுமார் 66 சதவீதம், கிறிஸ்தவர்கள் சுமார் 25 சதவீதம்.

இப்பவும் இங்க போர்ச்சுகீஸ் பேசுறாங்களா?

வெகு சிலர். பழைய லைசியம் பள்ளியில் படித்த, எண்பது வயதை நெருங்கிய அல்லது தாண்டிய ஆட்கள். சில பள்ளிகளில் விருப்பப் பாடமாக உண்டு, பல்கலைக்கழகத்திலும் படிக்கலாம். தெருவின் மொழி கொங்கணி.

அந்தக் கொங்கணியே தப்பிப் பிழைத்த மொழி. 1684-ல் வைஸ்ராய் ஒருவர், மூன்று வருடத்துக்குள் எல்லோரும் கொங்கணியை விட்டுப் போர்ச்சுகீசியம் பேச வேண்டும் என்று உத்தரவே போட்டார். அது நடக்கவில்லை. ஆனால் பள்ளியிலும் அலுவலகத்திலும் இடமில்லாமல் போனதால், வீட்டுக்குள் பேசுகிற மொழி என்ற தாழ்வு பல தலைமுறைக்கு ஒட்டிக்கொண்டது. 1967 ஜனவரி 16-ல் மகாராஷ்டிரத்தோடு சேர்வதா வேண்டாமா என்று மக்கள் வாக்களித்து வேண்டாம் என்றார்கள். 1987-ல் கொங்கணி ஆட்சிமொழியானது, அதே வருடம் மே 30-ல் கோவா தனி மாநிலமானது. ஆட்சிமொழிச் சட்டம் தேவநாகரி எழுத்தைத்தான் சொல்கிறது. கத்தோலிக்கர்கள் தலைமுறை தலைமுறையாக எழுதி வந்த ரோமன் எழுத்துக்கும் சம உரிமை வேண்டும் என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

ஊர்ப் பேரை எழுதறது ஒண்ணு, சொல்றது ஒண்ணா இருக்கே?

போர்ச்சுகீசிய உச்சரிப்புப்படி எழுதிய பெயரை நாம் ஆங்கிலம் போலப் படிக்கிறோம், அதுதான் சிக்கல். அவர்களுக்கு 'எக்ஸ்' எழுத்து பெரும்பாலும் 'ஷ்' ஒலி. ஆகவே உணவக அட்டையில் எக்ஸில் தொடங்குகிற அந்தக் கறியின் பெயர் 'ஷாகுதி'. பெயரின் கடைசியில் வரும் 'எம்' தனி எழுத்து அல்ல, மூக்கொலிக்கான குறி. சியோலிம் என்று எழுதியிருப்பதை ஊர்க்காரர் 'ஷிவொலெ' என்று மூக்கால் முடிப்பார். பெனாலிம் அவர்கள் வாயில் பாணாவ்லி. ரயில் நிலையத்தில் மட்காவ், ஊருக்குள் பலகையில் மார்காவ். இரண்டும் ஒரே ஊர்தான், தைரியமாக இறங்கலாம்.

ஜன்னல், அலமாரி, சாவி எல்லாம் போர்ச்சுகீசிய வார்த்தைன்னு சொல்றாங்களே, கோவாவிலிருந்தா தமிழுக்கு வந்துச்சு?

வார்த்தைகள் போர்ச்சுகீசியம்தான். மேசை, கோப்பை, பீப்பாய், பொத்தான், ஏலம், மேஸ்திரி, ஆயா, பாதிரி, அன்னாசி, கொய்யா என்று பட்டியல் நீளும். ஆனால் கோவா வழியாகச் சுற்றி வரவில்லை. தூத்துக்குடி முத்துக்குளித்துறை, நாகப்பட்டினம், மயிலாப்பூர் சாந்தோம் என்று போர்ச்சுகீசியர் நேராகவே நம் கடற்கரையில் இருந்தார்கள். கொங்கணியிலும் ஜன்னல் 'ஜனேல்', மேசை 'மேஜ்' என்பதால் புதிதாக வந்த எனக்கு முதல் வாரத்திலேயே பாதி வீட்டுச் சாமானுக்குப் பெயர் தெரிந்திருந்தது.

கோவாவுக்கும் தமிழுக்கும் நேரடியான ஒரு உறவு உண்டு, பலருக்குத் தெரியாது. 1556-ல் இந்தியாவின் முதல் அச்சகம் பழைய கோவாவின் புனித பவுல் கல்லூரியில் வந்தது. 1577-ல் கோவாவில் தமிழ் எழுத்துக்களுக்கு அச்சு வார்த்தார்கள். மறுவருடம் அக்டோபரில் ஏசு சபைத் துறவி அண்டிரிக்கு அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' என்ற கிறிஸ்தவ நூல் கொல்லத்தில் அச்சானது. இந்திய மொழிகளில் தன் சொந்த எழுத்தில் முதலில் அச்சேறியது தமிழ். பழைய கோவாவில் அந்தக் கல்லூரியின் முகப்பு வளைவு மட்டும் மிஞ்சியிருக்கிறது. தமிழர்கள் யாரும் அங்கே இறங்குவதில்லை. என் வண்டியில் வந்தால் இறக்கிக் காட்டாமல் விடமாட்டேன்.

காலையில ஹாரன் அடிச்சுட்டு சைக்கிள்ல வர்றவர் யாரு?

அவர் பொதேர், ரொட்டிக்காரர். அந்தப் பெயரே போர்ச்சுகீசியத்திலிருந்து வந்ததுதான். காலை ஆறரை மணிக்கு ரப்பர் பந்து வைத்த ஹாரனை 'பாம்ப் பாம்ப்' என்று அழுத்திக்கொண்டு வருவார். சைக்கிளின் பின்னால் பெரிய மூங்கில் கூடை, மேலே நீல பிளாஸ்டிக் விரிப்பு. விரிப்பைத் தூக்கினால் சூடு முகத்தில் அடிக்கும். சதுரமாக இருப்பது பாவ், உருண்டையாக மேலே மொறுமொறுவென்று இருப்பது உண்டோ, தவிடு தூவி உள்ளே பை போலக் காலியாக இருப்பது பொய்யி, வளையல் வடிவில் கடக்கென்று உடைவது காங்கொண். மதப்பாகுபாடு இல்லாமல் எல்லா வீட்டு வாசலிலும் இந்தச் சைக்கிள் நிற்கும்.

கோதுமை ரொட்டி போர்ச்சுகீசியர் கொண்டு வந்தது. ஈஸ்ட் கிடைக்காத இடத்தில் தென்னங்கள்ளை ஊற்றி மாவைப் புளிக்க வைத்தது கோவாக்காரர்கள். மஜோர்டா ஊர்க்காரர்கள்தான் முதலில் கற்றுக்கொண்டார்கள் என்பது இங்குள்ள வழக்கு. இன்று கள் இறக்க ஆள் குறைந்துவிட்டது, பெரும்பாலும் ஈஸ்ட்தான். விறகு அடுப்பும் குறைகிறது. எங்கள் தெருப் பொதேரின் மகன் இந்தத் தொழிலுக்கு வரப் போவதில்லை என்று அவரே சொன்னார்.

விண்டாலூன்னா உருளைக்கிழங்கு போட்டதுதானே?

'ஆலூ'வுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பெயரின் மூலத்தில் இருப்பவை திராட்சை மதுவும் பூண்டும். கப்பலில் இறைச்சி கெடாமல் இருக்க மதுவிலும் பூண்டிலும் ஊறப் போடுகிற போர்ச்சுகீசிய முறை அது. கோவாவில் மதுவுக்குப் பதில் தென்னங்கள் காடி வந்தது, பிறகு மிளகாய் வந்தது. மிளகாய், முந்திரி, அன்னாசி, பப்பாளி, கொய்யா எல்லாமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுகீசியக் கப்பல்களில் வந்தவை. 1500-க்கு முன் நம் ஊர்க் குழம்பில் காரத்துக்கு மிளகுதான்.

ஃபெனி போர்ச்சுகீசிய சாராயமா?

முந்திரி மரம் பிரேசிலிலிருந்து வந்தது. அதன் பழத்தை மிதித்துச் சாறெடுத்து, புளிக்க வைத்துக் காய்ச்சியது உள்ளூர்க்காரர்கள். முதல் வடிப்பு 'உர்ராக்', கோடையில் மட்டும் கிடைக்கும். அதை மேலும் காய்ச்சினால் ஃபெனி. 2009-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

அந்த மஞ்சள், நீல வீடுகளை போர்ச்சுகீசியர் கட்டினதா?

'போர்ச்சுகீசிய வீடு விற்பனைக்கு' என்று விளம்பரம் பார்த்தாலே எனக்கு வருத்தமாக இருக்கும். பெரும்பாலானவை கோவாக்காரர்கள், தங்கள் பணத்தில், உள்ளூர்க் கொத்தனார்களை வைத்துக் கட்டிய வீடுகள். சுவர் செம்பூரான் கல், பூச்சு சிப்பிச் சுண்ணாம்பு. ஜன்னலில் கண்ணாடிக்குப் பதில் தட்டையான சிப்பி ஓடுகளைச் சின்னச் சின்னச் சதுரமாக வெட்டி மரச்சட்டத்தில் செருகியிருப்பார்கள். மழைக்காலத்து மதியத்தில் அந்த ஜன்னல் வழியாக வரும் வெளிச்சம் பால் போல இருக்கும்.

வாசலில் இரண்டு பக்கமும் கல் இருக்கை போட்ட திண்ணைக்கு 'பல்காவ்' என்று பெயர். நம் திண்ணைக்கு ஒன்றுவிட்ட தம்பி. பெயர் அவர்களுடையது, சாயங்காலம் அதில் உட்கார்ந்து தெருவில் போகிறவரைக் கூப்பிட்டுப் பேசுகிற பழக்கம் ஊருடையது.

கார்னிவல் 450 வருஷமா நடக்குதாமே?

கிறிஸ்தவர்களின் தவக்கால நோன்புக்கு முந்தின கொண்டாட்டமாக ஊர்களில் வெகுகாலமாக உண்டு, கொங்கணியில் 'இந்த்ருஸ்' என்பார்கள். டிவியில் காட்டுகிற அலங்கார வண்டி ஊர்வலமும் அதற்குத் தலைமை தாங்கும் மோமோ என்ற வேடிக்கை ராஜாவும் 1965-ல்தான், அதாவது விடுதலைக்குப் பிறகு வந்தவை.

சவேரியார் உடம்பு ஏன் கோவாவுல இருக்கு? அவர் நம்ம ஊருல இருந்தவர்தானே?

1542 மே மாதம் கோவாவில் இறங்கினார். அதே வருடமே முத்துக்குளித்துறைக்குப் போய் மணப்பாடு, தூத்துக்குடிப் பரதவர் ஊர்களில் சுற்றினார், தமிழில் செபங்களைச் சொல்லிக் கொடுத்தார். 1552 டிசம்பர் 3-ல் சீனக் கடற்கரைக்கு அருகே சான்சியான் தீவில் இறந்தார். உடல் மலாக்கா வழியாக 1554-ல் கோவா வந்தது. இன்று பழைய கோவாவில் பொம் ஜேசு பேராலயத்தில், வெள்ளிப் பேழையில் இருக்கிறது. பத்து வருடத்துக்கு ஒருமுறை மக்கள் பார்வைக்குக் கீழே இறக்குவார்கள். கடைசியாக 2024 நவம்பர் 21 முதல் 2025 ஜனவரி 5 வரை. எங்கள் வீட்டிலேயே அப்போது ஊரிலிருந்து வந்த பதினோரு பேர் தங்கியிருந்தார்கள்.

அவர் பெயரைச் சொன்னதும் விசாரணை மன்றத்தைப் பற்றிக் கேட்பார்கள். கோவாவுக்கு அப்படி ஒரு மன்றம் தேவை என்று 1546-ல் அரசருக்கு அவர் கடிதம் எழுதியது உண்மை. அது அமைந்தது அவர் இறந்து எட்டு வருடம் கழித்து. இந்த இரண்டையும் சேர்த்தே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் கருத்து. பக்தி உள்ளவர்கள் வருத்தப்பட வேண்டாம், நானும் டிசம்பர் 3 பூசைக்குப் போகிறவன்தான்.

கோவாவுல எல்லா மதத்துக்கும் ஒரே சட்டமாமே, அது எப்படி?

1867-ல் போர்ச்சுகல் எழுதிய சிவில் சட்டம் 1870-ல் கோவாவில் அமலுக்கு வந்தது. 1961-க்குப் பிறகு இந்திய அரசு, மாற்றும் வரை பழைய சட்டங்கள் தொடரும் என்று 1962 சட்டத்தில் சொல்லிவிட்டது. குடும்ப விஷயங்களில் அப்படியே தொடர்ந்தது. போர்ச்சுகலே அந்தச் சட்டத்தை 1960-களில் மாற்றிப் புதிதாக எழுதிக்கொண்டது, அவர்கள் கழற்றி வைத்த சட்டம் இங்கே இன்னும் நடக்கிறது. வாரிசுரிமைப் பகுதிக்கு மட்டும் கோவா சட்டசபை தனிச் சட்டம் கொண்டு வந்து, அது 2016-ல் அமலானது, கொள்கை பழையதுதான்.

நடைமுறையில் என்ன என்றால், தனி ஒப்பந்தம் எழுதாமல் கல்யாணம் செய்தால் கணவன் மனைவி இருவரின் சொத்தும் பொதுச் சொத்து, ஆளுக்குப் பாதி. ஒரு கோடி ரூபாய் பெறுமான வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 லட்சம் மனைவிக்கு, அது கணவன் இறந்ததால் வருவதல்ல, ஏற்கெனவே அவளுடையது. கணவனின் 50 லட்சத்தில் பாதியை, அதாவது 25 லட்சத்தை, அவர் உயில் எழுதி யாருக்கும் தரலாம். மீதி 25 லட்சம் பிள்ளைகளுக்குக் கட்டாயப் பங்கு, மகனுக்கும் மகளுக்கும் சமமாக. பெண்ணுக்கு ஒன்றுமில்லை என்று உயில் எழுத முடியாது. என் அக்காவுக்கு எங்கள் ஊரில் என்ன கிடைத்தது என்று தெரிந்தவன் என்ற முறையில், இந்தச் சட்டத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு.

ஒரே சட்டம்னா இந்து ஆண் ரெண்டாம் கல்யாணம் பண்ணலாம்னு ஒரு விதி இருக்காமே?

இருக்கிறது. 1880-ல் இந்துக்களின் வழக்கங்களைக் காப்பதாகச் சொல்லி ஒரு ஆணை போட்டார்கள். முதல் மனைவிக்கு 25 வயது வரை குழந்தையே இல்லை, 30 வயது வரை ஆண் குழந்தை இல்லை என்பது போன்ற நிலைகளில் மட்டும் அனுமதி. நடப்பில் செத்துப்போன விதி என்றாலும், ஏட்டில் அது இருப்பதே அவமானம். கத்தோலிக்கத் தேவாலயத் திருமணங்களுக்கும் தனி ஏற்பாடுகள் உண்டு. ஆகவே 'முழுக்க ஒரே சட்டம்' என்று மேடையில் பேசுகிறவர்கள் பாதிதான் சொல்கிறார்கள்.

நான் தமிழ்நாட்டுக்காரன், கோவாவுல ஃப்ளாட் வாங்கப் போறேன். இதெல்லாம் எனக்கு எதுக்கு?

விற்பவர் கோவாக்காரர் என்றால் கணவன் மனைவி இருவரும் கையெழுத்திட வேண்டும். மேலே சொன்ன ஆளுக்குப் பாதிதான் காரணம். 'வீட்டுக்காரர் பேரில்தான் பத்திரம் இருக்கு, அவர் கையெழுத்து போதும்' என்று தரகர் சொன்னால் நம்பாதீர்கள். விற்பவருக்கு அது பரம்பரைச் சொத்து என்றால் வாரிசுகள் எல்லோரும் யார் யார் என்ற ஆவணத்தைக் கேளுங்கள். அவர்களில் ஒருவர் கனடாவில் இருப்பார், ஒருவர் குவைத்தில் இருப்பார்.

வேலைக்காக இங்கே தங்கியிருப்பதாலேயே உங்கள் குடும்பச் சொத்து இந்தச் சட்டத்துக்குள் வந்துவிடாது, நிரந்தர வாழ்விடம் எது என்பதைப் பொறுத்தது. கோவாவை நிரந்தர வாழ்விடமாகக் கொண்டவருக்கோ, அவர் சொத்து மும்பையில் இருந்தாலும் கோவா சட்டமே பொருந்தும் என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இங்கேயே கல்யாணத்தைப் பதிகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: சிவில் பதிவாளர் முன் இரண்டு தடவை போக வேண்டும். முதல் கையெழுத்து விருப்ப அறிவிப்பு மட்டும்தான். அத்தோடு கல்யாணம் முடிந்தது என்று நினைத்து, வருடக்கணக்காக வாழ்ந்துவிட்டுத் தவித்த பெண்களை எனக்குத் தெரியும்.

இங்கே நிறைய பேருக்கு போர்ச்சுகல் பாஸ்போர்ட் எப்படி கிடைக்குது?

1961 டிசம்பர் 19-க்கு முன் கோவாவில் பிறந்தவர்களைப் போர்ச்சுகல் தன் குடிமக்களாகவே பார்க்கிறது. லிஸ்பனில் உள்ள மத்தியப் பதிவகத்தில் பிறப்பைப் பதிந்துகொண்டால் உரிமை உறுதியாகும். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அந்த வழியில் கேட்கலாம். அதை வைத்து ஆயிரக்கணக்கானோர் ஐரோப்பாவுக்கு, முக்கியமாக இங்கிலாந்தின் ஸ்விண்டன் போன்ற ஊர்களுக்கு, வேலைக்குப் போனார்கள். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியதும் அந்த வழி குறுகிவிட்டது.

இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. அந்தப் பக்கம் போனால் இந்தப் பக்கம் வாக்குரிமை போகும். இதைத் துரோகம் என்று திட்டுபவர்களிடம் நான் சேர்வதில்லை. பக்கத்து வீட்டுப் பையன் கப்பல் வேலையை விட்டு ஒரு கிடங்கில் பெட்டி தூக்கப் போனது தங்கையின் படிப்புக்காக.

கொமுனிதாத் நிலம்னா என்ன? அதுவும் போர்ச்சுகீசியர் கொண்டு வந்ததா?

பெயர் அவர்களுடையது, அமைப்பு அவர்களுக்கும் முந்தையது. கொங்கணியில் காவுங்காரி. ஊரை முதலில் திருத்திக் குடியேறிய குலங்கள் நிலத்தைப் பொதுவில் வைத்து, குத்தகைக்கு விட்டு, கோயில், கரை, வாய்க்கால் செலவு போக மீதியைப் பங்கிட்டுக்கொண்ட ஏற்பாடு. உப்பங்கழியில் மண்கரை போட்டு, மதகு வைத்து உப்பு நீரைத் தடுத்து நெல் விளைத்த 'கஜான்' வயல்கள் இந்த உழைப்பில் வந்தவை. போர்ச்சுகீசியர் 1526-ல் இந்த வழக்கங்களை எழுதி வைத்தார்கள், வரி வசூலிக்க அது வசதி. இன்றும் இருநூற்றுக்கும் மேற்பட்ட கொமுனிதாத்துகள் உண்டு. பங்கு ஆண் வழியில் மட்டும் போகும் என்பது அதன் பெரிய குறை. மேலே சொன்ன சிவில் சட்டத்தில் மகளுக்குக் கிடைத்த நியாயம் இங்கே கிடைக்கவில்லை. இந்த நிலத்தில் ஆக்கிரமித்துக் கட்டிய வீடுகள் ஏராளம், வாங்குமுன் கவனம்.

சுரங்கப் பிரச்சினைக்கும் போர்ச்சுகலுக்கும் என்ன சம்பந்தம்?

இரும்புத்தாதுச் சுரங்கங்களை அவர்கள் காலவரம்பே இல்லாத உரிமையாகக் கொடுத்துவிட்டுப் போனார்கள். 1987-ல் நாடாளுமன்றம் அவற்றைக் குத்தகைகளாக மாற்றியது. வழக்கு மேல் வழக்கு நடந்து 2018-ல் உச்ச நீதிமன்றம் 88 குத்தகைகளை ரத்து செய்தது. சத்தரி, சாங்கே பக்கம் தெருவில் நிற்கும் பழைய டிப்பர் லாரிகளுக்குப் பின்னால் இவ்வளவு கதை.

'போர்ச்சுகீஸ் காலம் நல்லா இருந்துச்சு'ன்னு பெரியவங்க சொல்றாங்களே, நிஜமா?

நானும் கேட்டிருக்கிறேன். கதவைப் பூட்டாமல் தூங்கினோம், வெளிநாட்டுச் சாமான் மலிவு, கூட்டமில்லை என்பார்கள். அந்த நினைவு பொய்யில்லை. 1950-களில் தாது ஏற்றுமதிப் பணத்தில் இறக்குமதிச் சாமான்கள் குவிந்தன. இன்று வெளியூர்ப் பணம் நிலவிலையை ஏற்றிவிட, சொந்த ஊரில் வீடு கட்ட முடியாத பிள்ளைகளைப் பார்க்கிற வயதானவருக்கு அந்தக் காலம் இனிக்கத்தான் செய்யும்.

ஆனால் அதே காலத்தில் கூட்டம் போட முடியாது, தணிக்கை இல்லாமல் பத்திரிகை வராது. 1946 ஜூன் 18-ல் மட்காவ் மைதானத்தில் சோஷலிஸ்ட் தலைவர் ராம் மனோகர் லோகியா பேச எழுந்ததுமே கைது செய்தார்கள். 1955 ஆகஸ்ட் 15-ல் ஆயுதமில்லாமல் எல்லை தாண்டிய சத்தியாகிரகிகளைச் சுட்டார்கள், இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். டி.பி. குன்ஹா போன்ற கோவா விடுதலைப் போராளிகளைப் போர்ச்சுகலுக்கே கொண்டுபோய்ச் சிறை வைத்தார்கள். பிழைப்புக்காக ஊர் ஊராக மும்பைக்குக் கிளம்பி, 'கூட்' என்ற விடுதிகளில் பெட்டி மேல் படுத்தவர்களின் எண்ணிக்கை கொஞ்சமில்லை. வாழ வழியிருந்தால் அவர்கள் ஏன் போக வேண்டும்?

அது விடுதலையா, இந்தியாவின் படையெடுப்பா?

என்னைப் பொறுத்தவரை விடுதலை. போர்ச்சுகலும் சலாசர் வழி வந்த ஆட்சி 1974-ல் கவிழ்ந்ததும் அந்த வருடக் கடைசியிலேயே கோவாவை இந்தியப் பகுதி என்று ஏற்றுக்கொண்டது. கடைசி ஆள் வரை சண்டையிடு என்று வந்த உத்தரவை வசாலோ இ சில்வா மீறி, ஊர் அழியாமல் சரணடைந்தார். நாட்டுக்குத் திரும்பியதும் அவரை ராணுவத்திலிருந்தே நீக்கினார்கள். 1974-க்குப் பிறகுதான் மரியாதை திரும்பியது. அந்த ஒரு முடிவுக்காக அவரை நன்றியோடு நினைக்கிற பெரியவர்கள் இங்கே உண்டு, நானும் அவர்களோடு சேர்ந்துகொள்கிறேன்.

வீட்டுப் பழைய பத்திரம் போர்ச்சுகீஸ்ல இருக்கு. யார்கிட்ட காட்டறது?

முதலில் புதிய நில அளவைப் பதிவான 'ஒன்று-பதினான்கு படிவம்' எடுங்கள், அதில் இருக்கும் பெயரும் பழைய பத்திரத்தின் பெயரும் ஒத்துப்போகிறதா பாருங்கள். பழைய பத்திர எண்ணை வைத்துப் பதிவு அலுவலகத்திலும் பணஜியில் உள்ள ஆவணக் காப்பகத்திலும் நகல் கேட்கலாம். நீதிமன்றத்துக்கோ வங்கிக்கோ என்றால் அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்பாளரின் முத்திரை வேண்டும். அந்த வேலை தெரிந்தவர்கள் வருடத்துக்கு வருடம் குறைகிறார்கள், தள்ளிப் போடாதீர்கள்.

எங்கள் வீட்டுக்காரரின் 1930-களின் பத்திரத்தைத் தெருக்கோடியில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியையிடம்தான் முதலில் கொண்டுபோனோம். நான் மேலே சொன்ன லைசியம் தலைமுறை. பல்காவில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, போர்ச்சுகீசியத்தில் ஒரு வரி வாசித்து, கொங்கணியில் சொல்லிக்கொண்டே வந்தார். வடக்கே மாதா கோயில் வழி, கிழக்கே கொமுனிதாத் வயல், தெற்கே வாய்க்கால், மேற்கே ஒரு பலா மரம். வீட்டுக்காரர் எழுந்து மேற்கே பார்த்தார். மரம் நின்றது. அந்த வருடமும் காய்த்திருந்தது.